தேய்த்தால் போகாத கறை

கேள்வி: எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். இளைய மகளுக்கு 19 வயது. பால்பல் விழுந்து முளைத்த நாளிலிருந்தே முன்பற்களில் வெள்ளைத் திட்டு, பழுப்புக் கறை. அதில் ஒரு பல் மட்டும் இரண்டு வருடமாகக் கறுத்துக்கொண்டே வருகிறது. உப்பு, எலுமிச்சை, கரித்தூள் என்று தேய்க்கிறாள். கறை போகவில்லை, கூச்சம்தான் வந்திருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். ‘பல்லே விளக்கமாட்டாளா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என் வளர்ப்பில் தவறா? மூத்தவளின் 3 வயதுப் பையனும் எங்களோடு இருக்கிறான். அவனுக்கும் வருமா? அன்றும் இன்றும் போர் தண்ணீர்தான் குடிக்கிறோம்.

பதில்: அம்மா, உங்கள் வளர்ப்பில் ஒரு தவறும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது பல் விளக்காமல் வந்த கறையே அல்ல. உங்கள் பக்கத்துப் பாறைகளில் ஃப்ளூரைடு என்ற தாது உப்பு அதிகம், அது கரைந்து போர் தண்ணீரில் வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு.

நிலைப்பற்களின் மேலுறையான எனாமல் பிறந்ததிலிருந்து சுமார் 8 வயது வரை ஈறுக்குள்ளேயே உருவாகிறது. அந்த வயதில் ஃப்ளூரைடு அளவுக்கு மீறி உடம்பில் சேர்ந்தால் எனாமல் சரியாகக் கெட்டிப்படாமல், சுண்ணாம்பு பூசியதுபோல் முளைக்கும். நாளாக ஆக அந்த நுண்துளைகளில் நிறம் ஏறிப் பழுப்பாகும். அமெரிக்காவின் கொலராடோவில் 1901-இல் இதே கறையைப் பார்த்த பல் மருத்துவர் ஃபிரெடெரிக் மெக்கே, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் அது இருக்கிறது, பெரியவர்களான பிறகு குடிவந்தவர்களுக்கு இல்லை என்று கவனித்தார். காரணம் தண்ணீரில் உள்ள ஃப்ளூரைடு என்று தெரிய 1931 ஆயிற்று. உங்கள் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கரித்தூளை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். எலுமிச்சையின் புளிப்பு எனாமலை இளக்குகிறது, கரியும் உப்பும் அதை அராவி எடுக்கின்றன. எனாமல் மெலிந்தால் அடியில் இருக்கும் மஞ்சள் நிற டென்டின் தெரியும். வெள்ளையாக்கப் போய்ப் பல் இன்னும் மஞ்சளாகும். அந்தக் கூச்சமும் இதனால் வந்ததாகத்தான் இருக்கும்.

எனக்குக் கவலை அந்தக் கறுத்த பல்தான். ஃப்ளூரைடு ஒற்றைப் பல்லைப் பிடிக்காது, பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் வரும். சின்ன வயதில் எங்காவது விழுந்து அந்தப் பல்லில் அடிபட்டதா என்று மகளிடம் கேளுங்கள். அடிபட்ட பல்லின் உள்ளே இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் செத்து, வருடங்கள் கழித்துக்கூடக் கறுக்கும். வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். வேர் நுனியில் சீழ் கட்டலாம். முதலில் எக்ஸ்ரே. தேவைப்பட்டால் வேர் சிகிச்சை செய்துவிட்டு, உள்ளிருந்தே வெளுக்க வைக்கலாம்.

டீ, காபி, வெற்றிலைப் பாக்கு, புகையிலை, இரும்புச் சத்து டானிக், குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் இவற்றின் காவி பல்லின் மேலே படிவது. அது கிளீனிங்கில் போய்விடும். கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்பது உண்மையல்ல. சிறு வயதில் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பட்டை பட்டையாக வரும் நிறமும், வயதானால் வரும் மஞ்சளும் உள்ளிருந்து வருபவை.

மகளின் பழுப்புக் கறை மேலோட்டமாக இருந்தால், பல் மருத்துவர் மருந்து வைத்து மேற்பரப்பை மெல்ல இழைத்து எடுக்கலாம். அப்புறம் ப்ளீச்சிங். ஆரம்பத்தில் வெள்ளைத் திட்டுகள் இன்னும் பளிச்சென்று தெரியும், பயப்பட வேண்டாம். ஆழமான கறையைப் பல் நிறப் பசையால் மூடலாம். எல்லாப் பல்லையும் செதுக்கி கேப் போடலாம் என்று யாராவது சொன்னால், 19 வயதில் அவசரப்படாதீர்கள். இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

பையனுக்கு வராமல் தடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் உதவாது. 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே உங்கள் மாவட்டத்தின் இந்தப் பிரச்சினைக்காக வந்ததுதான். அந்தத் தண்ணீர் கிடைத்தால் குடிக்க மட்டுமல்ல, சோறு வடிக்கவும் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் ஆர்.ஓ. நல்லது. போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். பேஸ்ட் பட்டாணி அளவு போதும், விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். அவனுடைய நிலைப்பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே தண்ணீரை மாற்றிவிடுங்கள்.