மலையைக் காக்க ஒளிப்படம் உதவுமா?

கேள்வி: ஏழு ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சோலைக்காட்டுப் பகுதியைப் படம்பிடித்து வருகிறேன். அதைத் தேசியப் பூங்காவாக அறிவிக்கக் கோரி மனுக் கொடுக்கவிருக்கும் நண்பர்கள் என் படங்களைக் கேட்கிறார்கள். படங்களால் உண்மையிலேயே பயன் உண்டா? எவற்றைக் கொடுப்பது?
– வாசகர் ஒருவர், அல்சூர், பெங்களூரு

பதில்: பயன் உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். அமெரிக்காவின் சியரா நெவாடா மலையிலுள்ள கிங்ஸ் கேன்யன் பகுதியைத் தேசியப் பூங்காவாக்கக் கோரி ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1936இல் தம் படங்களுடன் வாஷிங்டன் சென்று மக்கள் பிரதிநிதிகளைச் சந்தித்தபோது காரியம் கைகூடவில்லை. 1938இல் அம்மலைப் படங்கள் நூலாக வந்து, உள்துறை அமைச்சர் ஹெரால்டு இக்கீஸ் வழியாக அதிபர் ரூஸ்வெல்ட்டின் பார்வைக்குப் போன பிறகே, 1940 மார்ச்சில் பூங்கா அமைந்தது.

இதே வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். ஒளிப்படக் கலைஞர் கார்லெட்டன் வாட்கின்ஸ் 1861இல் எடுத்த படங்கள் அதே சியரா நெவாடா மலையிலுள்ள யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் 1864ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் துணை நின்றன. ஆனால் அப்படங்கள் எடுக்கப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு அங்கிருந்த பூர்வகுடிகளை ஆயுதப் படை விரட்டியடித்தது அந்த அழகிய படங்களைப் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்க்க முடியாது. இறுதி அறிவிப்புக்கு முன் அங்குள்ளோரின் உரிமைகளை விசாரித்துத் தீர்க்கவும் வேண்டும். ஆகவே உங்கள் மலையில் குடியிருப்புகளும் மேய்ச்சல் தடங்களும் இருந்தால், அம்மக்களின் சம்மதத்துடன் அவற்றையும் படமெடுத்து மனுவில் சேருங்கள். ஆளே இல்லாத மலை என்று தோன்றும்படி படங்களைப் பொறுக்கி எடுப்பது அநீதி.

மற்றபடி, மேகம் தவழும் சிகரங்கள் நாலைந்து போதும். புல்வெளியும் சோலையும் நீரைப் பிடித்துவைத்துக் கோடையிலும் ஓடைக்குக் கொடுப்பதைக் காட்டுங்கள். 1987இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட, கர்நாடகத்தின் குதிரேமுக் மலைப்பகுதியில்தான் துங்கா, பத்ரா, நேத்ராவதி ஆறுகள் பிறக்கின்றன. ஒரே இடத்திலிருந்து ஒரே ஓடையை மார்ச்சிலும் ஆகஸ்ட்டிலும் எடுத்த படங்கள் உங்களிடம் இருக்குமானால் அவற்றை முதலில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் இடமும் குறித்து, வரைபடத்தோடு இணைத்துக் கொடுங்கள். அரிய ஆர்க்கிட் மலர்களும் பறவைக் கூடுகளும் உள்ள இடக்குறிப்பை மட்டும் வனத்துறையிடம் தனியாகக் கொடுங்கள், பொதுவில் வெளியிட வேண்டாம்.