இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் தொழில் தொடங்கினால் படித்ததெல்லாம் வீணா? அவரை நம்பிப் பணம் போடுவது யார்?

வீணாகாது. இதைக் கேட்பவர்களிடம் நான் சொல்லும் பெயர் ராபர்ட் நாய்ஸ். கார்டன் மூருடன் சேர்ந்து சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர் என்பது பலருக்குத் தெரியும். அதற்கு முன் அவர் இயற்பியலாளர். 1953-இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார். மின்சாரத்தைக் கடத்தாத பொருள்களின் மேற்பரப்பில் எலக்ட்ரான்களின் நிலை எப்படி இருக்கிறது என்பதுதான் ஆய்வு. படித்தபோது இதைவிட வியாபாரத்துக்கு ஒத்துவராத தலைப்பு வேறு இருந்திருக்காது.

1956-இல், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு மின்னணுக் கருவியான டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லியின் கலிஃபோர்னியா ஆய்வகத்தில் சேர்ந்தார். அதே ஆண்டில் டன்னல் டயோடு என்று பின்னாளில் அறியப்பட்ட மின்னணுக் கருவிக்கான யோசனையைக் குறிப்பேட்டில் எழுதி ஷாக்லியிடம் காட்டினார். ஷாக்லி ஆர்வம் காட்டாததால் அது அப்படியே நின்றுபோனது. அதே கருவியைப் பற்றி 1958-இல் கட்டுரை வெளியிட்ட ஜப்பானின் லியோ எசாக்கி 1973-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

1957-இல் நாய்ஸ் உட்பட எட்டுப் பேர் ஷாக்லியை விட்டு வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அப்போதைய டிரான்சிஸ்டர்களில் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. உறைக்குள் ஒரு சிறு துகள் நகர்ந்து, சிலிக்கானின் இருவகைப் பகுதிகள் சேரும் சந்திப்பில் பட்டால் போதும், கருவி கெட்டுவிடும். எண்மரில் ஒருவரான ஜீன் ஹோர்னி, சிலிக்கான் மேல் உருவாகும் ஆக்சைடு படலத்தை அகற்றாமல் அப்படியே காப்பாக விட்டுவிடலாம் என்றார். இதற்குக் காப்புரிமை எடுக்கும்போது, இந்த முறையால் வேறு என்னென்ன செய்ய முடியும் என்று வழக்கறிஞர் கேட்டார். அந்தக் கேள்வி நாய்ஸை யோசிக்க வைத்தது. ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. அப்படியானால் அதன் மேலேயே அலுமினியக் கோடுகளைப் படியவைத்து, ஒரே சிலிக்கான் துண்டில் இருக்கும் பல டிரான்சிஸ்டர்களை இணைத்துவிடலாமே! அதுவரை அவற்றைத் தனித்தனியாக வெட்டி, நுண்ணோக்கியில் பார்த்துக் கையால் கம்பி இணைத்துக்கொண்டிருந்தார்கள். 1959 ஜனவரியில் குறிப்பேட்டில் எழுதியதற்கு ஜூலையில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இன்றைய சிப்களுக்கு அடிப்படையான முறை இதுதான். மின்கடத்தாப் பரப்புகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் யோசித்த மனிதருக்கு இது தோன்றியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அதே 1959-இல் அவர் நிறுவனத்தின் பொது மேலாளரானார். ஆராய்ச்சிப் பிரிவு மூரின் பொறுப்புக்குப் போனது. சிப்பை உண்மையில் செய்துகாட்டியது, 1960-இல், ஜே லாஸ்ட் என்ற இன்னொரு இயற்பியலாளரின் குழு. இயற்பியலாளர் ஒருவர் தொழில்முனைவோராக மாறுவது என்றால் என் பார்வையில் இதுதான். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய யோசனையைச் செய்துமுடிக்கும் வேலையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, சம்பளம், விற்பனை, வாடிக்கையாளர் என்று உட்கார வேண்டும். ஆய்வகத்தில் ஊறியவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. தொழில் தொடங்க நினைப்பவர், இதற்கு மனம் ஒப்புகிறதா என்று முதலில் யோசித்துக்கொள்ளட்டும். படிப்பு வீணாகுமா என்ற கவலையெல்லாம் அப்புறம்.

சரி, பணம். 1957-இல் அந்த எண்மருக்காக முதலீடு தேடிய ஆர்தர் ராக் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை அணுகினார். எல்லாரும் மறுத்த பிறகுதான் தொழிலதிபர் ஷெர்மன் ஃபேர்சைல்டு முன்வந்தார். அவர்களிடம் காட்டுவதற்கு அப்போது விற்பனைக்கான பொருள் ஒன்றுகூட இல்லை. 1968-இல் நாய்ஸும் மூரும் இன்டெல்லைத் தொடங்கியபோதும் பணம் திரட்டியவர் அதே ராக்தான். இந்த முறை சுருக்கமான திட்டக் குறிப்பே போதுமானதாக இருந்தது. 25 லட்சம் டாலர் சட்டென்று சேர்ந்துவிட்டது. முதலீட்டாளர்கள் பார்த்தது அவர்களுடைய பட்டங்களை அல்ல, ஃபேர்சைல்டில் அவர்கள் செய்து விற்றுக் காட்டியதை.