முகவரின் வாய்ச்சொல் எச்.ஐ.வி பரிசோதனை முடிவாகாது

கேள்வி: என் தம்பிக்கு வயது 27. கட்டாரில் வேலைக்குப் போவதற்காக மெடிக்கல் செய்தான். இரண்டு நாள் கழித்து முகவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பிக்கு எச்.ஐ.வி இருக்கிறது, அன்ஃபிட் ஆகிவிட்டது, ஒன்றரை இலட்சம் தந்தால் வேறு இடத்தில் செய்து சரிப்படுத்தலாம்" என்றார். எங்கள் கையில் ஒரு காகிதமும் இல்லை. அம்மா அவனுடைய தட்டையும் கோப்பையையும் வேறாக எடுத்து வைத்துவிட்டார். தை மாதத்தில் அவனுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். இலங்கையில் இந்த நோய் மிகக் குறைவு என்றுதானே சொல்கிறார்கள்? இது உண்மையாக இருக்குமா? பணத்தைக் கட்டலாமா?
— ஒரு சகோதரி, கொட்டாஞ்சேனை

பதில்: சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்த முகவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பணம் கைமாறிய பிறகு என்னிடம் வந்த குடும்பங்கள் பல, நோய் இருக்கிறதா இல்லையா என்பதையே மறந்து, கொடுத்த காசைத் திருப்பி வாங்குவதற்காக அலைந்தே மாதங்களைத் தொலைத்திருக்கின்றன. அந்த மாதங்கள் சிகிச்சைக்குரிய மாதங்களாக இருந்திருக்கலாம்.

அன்ஃபிட் என்ற சொல்லுக்கு எச்.ஐ.வி என்று பொருள் இல்லை. வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எப்போதோ வந்து மாறிய காசநோயின் தழும்பு அதில் தெரிந்தாலும் நிராகரிக்கிறார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகியவற்றுக்கும் இரத்தம் பார்க்கிறார்கள். இவற்றுள் எதனால் உங்கள் தம்பி நிராகரிக்கப்பட்டார் என்பதைச் சொல்லும் காகிதம் உங்களிடம் இல்லாதபோது, முகவர் சொன்னதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காசநோய்த் தழும்பு என்று சொன்னால் குடும்பம் வைத்தியசாலைக்குப் போகும், எச்.ஐ.வி என்று சொன்னால் வெட்கத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு பணத்தை எடுக்கும் என்பது சில தரகர்களுக்கு நன்றாகவே தெரியும். சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் தன் கடவுச்சீட்டின் நடுவே பிளாஸ்டிக் உறையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு வந்தார். அதில் சிவப்பு முத்திரையில் அன்ஃபிட் என்ற ஒரே சொல்தான் இருந்தது. எட்டு மாதங்களாகத் தனக்கு எயிட்ஸ் என்று நம்பிக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்தது ஹெபடைடிஸ் பி. பரிசோதிக்கப்பட்டவரின் கையில் அறிக்கையைக் கொடுத்து, என்ன காரணம் என்று சொல்லி, எந்தக் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? மனிதரிடம் இரத்தத்தையும் கட்டணத்தையும் எடுத்துக்கொண்டு, முடிவை முகவரிடம் சொல்லும் இந்த வழக்கத்தை இத்தனை வருடங்களாக யாரும் நிறுத்தவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

முகவர் சொல்லும் "சரிப்படுத்தல்" எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேறொருவரை அனுப்பி அவருடைய இரத்தத்தைக் கொடுப்பார்கள், அல்லது போலி அறிக்கை ஒன்றை அச்சடிப்பார்கள், அல்லது ஒன்றுமே செய்யாமல் காசை வைத்துக்கொள்வார்கள். முதல் இரண்டும் வெற்றி பெற்றாலும் பயன் இல்லை. கட்டாரில் மட்டுமல்ல, சவூதி, குவைத், அமீரகம் ஆகிய நாடுகளிலும் போய் இறங்கியதும் வதிவிட அனுமதி கிடைப்பதற்கு முன் மறுபடியும் இரத்தம் எடுப்பார்கள். அங்கே எச்.ஐ.வி தெரிந்தால் சிகிச்சை கொடுத்து வேலையில் வைத்திருக்க மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். போகும்போது பட்ட கடனோடுதான் விமான நிலையத்தில் வந்து இறங்க வேண்டியிருக்கும். முகவர் மறுபடியும் பணம் கேட்டால், அவருடைய அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள்.

அடுத்து, எச்.ஐ.வி என்று உண்மையிலேயே ஓர் அறிக்கை வந்திருந்தால் என்ன என்பது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாக வாசியுங்கள். மெடிக்கலில் செய்யப்படுவது சல்லடைச் சோதனை. தொற்று உள்ள ஒருவரையும் தவறவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்டதால், தொற்று இல்லாத சிலரையும் அது பிடித்துவிடும். எத்தனை பேரை அப்படித் தவறாகப் பிடிக்கிறது என்பது, சோதிக்கப்படும் கூட்டத்தில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கணக்குக்காக, தொற்று இல்லாத 1,000 பேரில் 5 பேரை அந்தச் சோதனை தவறாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இலங்கையில் வயது வந்தோரில் எச்.ஐ.வி உள்ளவர்கள் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே 10,000 பேரைச் சோதித்தால் உண்மையில் தொற்று உள்ளவர்கள் கூடினால் 10 பேர்; தவறாகப் பிடிபடுபவர்கள் ஏறக்குறைய 50 பேர். பொசிட்டிவ் என்று வந்த 60 பேரில் 50 பேருக்கு நோயே இல்லை. இதே சோதனையை ஆபிரிக்காவின் தெற்கே எசுவாத்தினியில், வயது வந்தோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தொற்று உள்ள அந்தச் சிறிய நாட்டில், 10,000 பேருக்குச் செய்தால் உண்மையாகப் பிடிபடுபவர்கள் 2,500 பேர் அளவில் இருப்பார்கள், தவறாகப் பிடிபடுபவர்கள் 40 பேர்கூட இருக்க மாட்டார்கள். அதே கருவிதான், அதே துளி இரத்தந்தான். ஆனால் அங்கே அந்த முடிவை ஏறக்குறைய நம்பலாம், இங்கே முதல் சோதனையை மட்டும் வைத்து நம்ப முடியாது. அதனால்தான் வேறு வகைச் சோதனைகளால் உறுதிப்படுத்தாமல் எந்த வைத்தியரும் ஒருவருக்கு எச்.ஐ.வி உள்ளது என்று சொல்லக் கூடாது.

இதைச் சொன்னதும் தம்பி நிம்மதியடைந்து வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. "பிழையாகவும் இருக்கலாம்" என்று நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போனவர், இரண்டு வருடங்களின் பின் மூச்சு வாங்க முடியாத நிமோனியாவோடு திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை யாரிடம் சொன்னாலும், அதே மூச்சில் அவர் எந்தத் திகதியில் எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லாமல் விடுவதில்லை. உங்களுக்கும் சொல்கிறேன். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில், தேசிய வைத்தியசாலைக்கு அருகே, தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக் இருக்கிறது. பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. முடிவைத் தம்பியைத் தவிர வேறு எவருக்கும் சொல்ல மாட்டார்கள், உங்களுக்கும் சொல்ல மாட்டார்கள்; அதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொற்று ஏற்பட்டிருக்கக்கூடிய கடைசிச் சந்தர்ப்பம் எப்போது என்று அவரிடம் கேட்பார்கள். ஆய்வுகூடத்தில் செய்யும் புதிய வகைச் சோதனைக்கு அதிலிருந்து 45 நாட்களும், விரலில் குத்திச் செய்யும் உடனடிச் சோதனைக்கு 90 நாட்களும் கழிந்திருந்தால்தான் தொற்று இல்லை என்ற முடிவை முழுமையாக நம்பலாம். நாட்கள் போதாவிட்டாலும் இப்போதே போகட்டும். மறுபடியும் எப்போது வர வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். அந்தச் சந்தர்ப்பம் எது, யாரோடு என்று வீட்டில் யாரும் அவரை விசாரிக்க வேண்டாம்.

இங்கே குறைவு என்றால் தம்பிக்கு எப்படி வரும் என்று கேட்கிறீர்கள். குறைவு என்பது இல்லை என்பதாகாது. இந்த வைரஸ் கமரூனின் தென்கிழக்குக் காட்டில் சிம்பன்சியிடமிருந்து மனிதருக்கு வந்து, 1920 அளவில் இன்றைய கின்ஷாசா நகரை அடைந்து, ஆற்றுப் படகுகளிலும் ரயில் பாதைகளிலும் வேலை தேடிப் போன மனிதர்களோடு பயணம் செய்தது என்று அதன் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். 1981 ஜூனில் லொஸ் ஏஞ்சலிஸில் ஐந்து ஆண்களின் நோயைப் பற்றிய குறிப்பு வெளிவந்தபோது அது ஏற்கனவே பல நாடுகளில் இருந்தது. இலங்கையர் ஒருவரிடம் முதலில் கண்டறியப்பட்டது 1987இல். 2024இல் உலகில் 4 கோடியே 8 இலட்சம் பேர் எச்.ஐ.வியோடு வாழ்ந்தார்கள்; அவர்களில் பாதிப் பேர் கிழக்கு, தெற்கு ஆபிரிக்காவில். அந்த ஒரு வருடத்தில் 13 இலட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றியது, 6 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2004இல் இறந்தவர்கள் 20 இலட்சத்துக்கும் மேல். உலகில் சாவு குறைந்துவரும் இக்காலத்தில் இலங்கையில் புதிதாகக் கண்டறியப்படுபவர்களின் தொகை கூடிவருகிறது. 2022இல் அது 600ஐத் தாண்டியது, பெரும்பாலானவர்கள் ஆண்கள். வெளிநாட்டுக்குப் போனவர்கள் கொண்டுவந்த நோய் என்று நம் ஊரில் நீண்ட காலமாக வீட்டுப் பணிப்பெண்களைப் பழி சொன்னார்கள். கட்டாயமாக இரத்தம் எடுக்கப்பட்டவர்கள் அவர்கள், ஆகவே கண்டுபிடிக்கப்பட்டவர்களும் அவர்கள். கொழும்பை விட்டு அசையாத ஆண்களைச் சோதித்துப் பார்க்க அன்று யாரும் கேட்கவில்லை.

உறுதிப்படுத்திய பிறகும் முடிவு பொசிட்டிவ் என்றால், தாமதிக்காமல் மருந்து தொடங்குவார்கள். இன்று பெரும்பாலானோருக்கு அது மூன்று மருந்துகள் சேர்ந்த, நாளுக்கு ஒரு குளிசை. அரச கிளினிக்குகளில் இலவசம். கூட்டுமருந்துச் சிகிச்சை 1996இல் வந்தபோது ஒருவருக்கு வருடத்துக்கு 10,000 டொலருக்கும் மேல் செலவானது. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதை நாளுக்கு ஒரு டொலருக்கும் குறைவாகத் தர முன்வந்த பிறகுதான் ஏழை நாடுகளின் நோயாளிகளுக்கு அது எட்டியது. நேரத்தோடு தொடங்கி ஒழுங்காக விழுங்குபவர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே முதுமை வரை வாழலாம். விழுங்கிக்கொண்டே போனால் சில மாதங்களில் வைரஸ் சோதனையில் தென்படாத அளவுக்குக் குறையும். அந்த நிலை நீடிக்கும் வரை உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்றாது. 2019 வரை நடந்த பெரிய ஆய்வுகள் இதை ஐயமின்றிக் காட்டிவிட்டன.

இந்தக் கட்டத்தில்தான் இரண்டாவது வகைத் தரகர் வருவார். மூலிகையால் வேரோடு குணப்படுத்துவதாகச் சொல்லி, மூன்று மாத லேகியத்துக்கு முற்பணம் கேட்பார். குணப்படுத்தும் மூலிகை எதுவும் இல்லை. தென்னாபிரிக்காவில் ஜனாதிபதி தாபோ உம்பெக்கியின் ஆட்சியில் மருந்தைச் சந்தேகித்து, சுகாதார அமைச்சரே பூண்டையும் எலுமிச்சையையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்துக் காலம் கடத்தியதில் 3 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் வீணாகின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அங்கே ஓர் அரசாங்கம் செய்ததைத்தான் இந்த லேகியக்காரர் உங்கள் வீட்டுக்குள் செய்யப் பார்க்கிறார்.

கல்யாணத்தைப் பற்றி: உறுதியான முடிவு கையில் வரும் வரை திகதி குறிக்க வேண்டாம். காரணம் கேட்டால் வெளிநாட்டுப் பயணம் தள்ளிப்போகிறது என்று சொன்னால் அதுவும் உண்மைதான். முடிவு பொசிட்டிவ் என்றால் அந்தப் பெண்ணுக்கு, எழுத்து வைப்பதற்கு முன்பே, தம்பியே சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்பதற்குக் கிளினிக்கின் ஆலோசகர் உதவுவார். சிகிச்சை எடுப்பவர் திருமணம் செய்யலாம், தொற்றில்லாத பிள்ளைகளைப் பெறலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. நம் ஊர்க் கர்ப்பிணிக் கிளினிக்குகளில் வேலை செய்யும் குடும்ப நலத் தாதியரின் உழைப்பு அது.

ஆனால் அதே நாட்டில்தான், தகப்பன் எயிட்ஸால் இறந்தார் என்ற வதந்தியால் குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனுக்குப் பாடசாலைக் கதவு மூடப்பட்டு, விடயம் 2016இல் உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கே நடந்தது இப்போது உங்கள் சமையலறையில் நடக்கிறது. எச்.ஐ.வி எச்சிலில், வியர்வையில், தட்டில், கோப்பையில், குளியலறையில், நுளம்பில் பரவாது. இரத்தம், விந்து, பெண்ணுறுப்பிலும் குதத்திலும் உள்ள திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றால்தான் பரவும். ஒரு வீட்டில் மகனின் அலுமினியத் தட்டின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்து, அவன் சாப்பிட்டு முடித்ததும் கொதிநீர் ஊற்றிய தாயைப் பார்த்தேன். அந்த மகன் பிறகு வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டான். கொஞ்ச நாளில் குளிசையையும் நிறுத்திவிட்டான்.

கிளினிக்கில் முழு விளக்கத்தையும் தமிழிலேயே தரும்படி கேளுங்கள். ஒரு கிளினிக்கில் நம்மவர்கள் சிலர் சிங்களத்தில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து காவலாளியிடம் அர்த்தம் கேட்டதை நான் கண்டிருக்கிறேன். தமிழும் அரசகரும மொழிதான்; அதில் ஒரு வார்த்தை கேட்பதற்கு ஒருவர் கெஞ்ச வேண்டியதில்லை. அன்று தமிழ் பேசுபவர் இல்லையென்றால் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போங்கள். தம்பியிடம் கடவுச்சீட்டையும், மெடிக்கல் நிலையம் கட்டணத்துக்குத் தந்த பற்றுச்சீட்டையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தட்டைப் பற்றி நீங்கள் பத்து முறை சொல்வதைவிட, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரிடம் அம்மாவே ஒரு முறை கேட்கட்டும்.