தேற்றுவதை விட்டுத் தீத்தப் பழகும்

வணக்கம். அக்காவின் மகனுக்கு 4 வயது, மூளை முடக்குவாதம். அத்தான் கொழும்பில் வேலை. ஒரு நேரச் சாப்பாடு தீத்தவே அக்காவுக்கு ஒன்றரை மணித்தியாலம் போகுது. ஊராக்கள் எண்ணெய் போட்டுக் காலை உருவச் சொல்லினம். அக்கா தனிய இருந்து அழுறா. அவவைத் தேற்ற நான் என்ன சொல்லலாம்?
– ஒரு தங்கை, புதுக்குடியிருப்பு

அன்புள்ள தங்கச்சி,

ஒன்றும் சொல்லவேண்டாம். வன்னியில் தாய்மாருக்கு ஆறுதல் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. ஒரு நேரம் அந்தப் பிள்ளைக்குத் தீத்திவிடத்தான் ஆளில்லை. "எங்களுக்குப் பயம், புரையேறிப்போகும்" என்று எல்லாரும் விலகிவிடுகிறீர்கள். அந்த மனுசி கிளிநொச்சிக்கு ஒரு அலுவலாகவும் போய்வர முடியாமல் கிடக்கிறா. நீர் பழகினால் என்ன?

மடியில் மல்லாத்திக் கிடத்தி வாய்க்குள் விடுவதுதான் எங்கட வழக்கம். கேடும் அங்கேதான். கழுத்து பின்னுக்குச் சரிந்தால் சாப்பாடு சுவாசக்குழாய்க்குள் இறங்கும். சில பிள்ளைகள் இருமவும் மாட்டார்கள். அடிக்கடி சளியும் காய்ச்சலும்தான் வரும். நிமிர்த்திக் கதிரையில் இருத்தும். இடுப்பு பின்பலகையோடு ஒட்ட, முழங்கால் 90 பாகையில் மடிய, நாடி (முகவாய்) சற்றே கீழே வரவேண்டும். பாதத்துக்கு அடியில் ஒரு பலகை வையும். கால் தொங்கினால் பிள்ளை வில்லாய் விறைத்துப் பின்னுக்குத் தள்ளும். நீர் எதிரே, அவன் கண்மட்டத்தில் இரும். நின்றுகொண்டு தீத்தினால் அவன் அண்ணாந்துதான் பார்ப்பான்.

ரசத்தில் மிதக்கும் சோறு கூடாது. தண்ணி முதலில் ஓடிவிடும், பருக்கை வாயில் நிற்கும். பருப்பு, பூசணிக்காயோடு தயிர்ப் பதத்துக்கு மசித்து ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடும். கொஞ்சம் தின்றாலும் உடம்பில் பிடிக்கும். தட்டையான சின்னக் கரண்டியில் அரைவாசி எடுத்து, நாக்கின் நடுவில் மெல்ல அழுத்தி, அவன் வாயை மூடும்வரை பொறும். மேற்பல்லில் வழித்துவிடாதேயும். விழுங்கினபிறகே அடுத்த வாய். அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தால் களைப்பான். களைத்த பிள்ளைக்குத்தான் புரையேறும். நாளைக்கு 5, 6 தரமாகப் பிரித்துக் கொடும். சாப்பிட்ட கையோடு படுக்கவிடவேண்டாம், அரை மணித்தியாலம் இருக்கட்டும்.

எண்ணெயா? காயம் மூளையில், காலில் இல்லை. இறுகின காலைப் பலமாக இழுத்தால் இன்னும் இறுகும்.

முதல் சில நாள் அக்கா பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். பிறகு அவவை வெளியே அனுப்பும், சந்தைக்கோ கோயிலுக்கோ. அத்தான் லீவில் வந்தால் அவரையும் கரண்டி பிடிக்க வையும். வெறும் தண்ணியில்தான் அதிகம் புரையேறும். தண்ணியையும் கஞ்சி போலத் தடிப்பாக்கிக் கொடும். தீத்தும்போது உதடு நீலம் பூத்தால் நிறுத்திவிட்டு 1990 அம்புலன்ஸுக்கு அடியும்.