பாட்டி என்று கூப்பிடாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் பழைய நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன. திருச்சியில் இருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்து, யார்க்‌ஷயரில் ஒரு கேர் ஹோமில், அதாவது முதியோர் இல்லத்தில், சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது என்கிறீர்கள். நீங்கள் கேட்டால் பெரியவர்கள் பதிலே சொல்வதில்லை, வெள்ளைக்காரப் பெண்கள் கேட்டால் சொல்கிறார்கள், என் இங்கிலீஷ்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரத்தில் இருந்து மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் வந்து தங்கும் இல்லத்திலும் ஷிப்ட், அங்கே எப்படிப் பேசுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, கார், ஜாக்கெட், விசாவுக்கு முதலாளி தரும் ஸ்பான்சர்ஷிப். அதையெல்லாம் கடைசியில் பார்ப்போம்.

இங்கிலீஷ் காரணமில்லை. நான் 2004-ல் நாகர்கோவிலில் இருந்து பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, பார்ன்ஸ்லி பக்கம் ஒரு நர்சிங் ஹோமுக்கு ‘அடாப்டேஷன்’ செய்ய வந்தவள். அந்தக் காலத்தில் நம் ஊர் நர்சுகளுக்கு இங்கே பதிவு கிடைக்க அதுதான் வழி. அதற்கு ஏஜெண்டு வாங்கிய பணத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது, அது வேறு கதை. அந்த ஊர்ப் பெரியவர்கள் பேசும் இங்கிலீஷ் லண்டன்காரனுக்கே புரியாது. எங்களோடு வேலை செய்த போலந்துப் பெண்ணுக்கு என்னைவிடப் பாதி இங்கிலீஷ்தான் தெரியும். அவளிடம் எல்லோரும் பேசினார்கள். கேள்வி கேட்டுவிட்டு அவள் சும்மா நிற்பாள், அவ்வளவுதான்.

நம் ஆட்களால் அது முடிவதில்லை. "டீ வேணுமா? காபியா? சர்க்கரை போடவா? பாத்ரூம் போகணுமா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று நாமே டீயைக் கொண்டுவந்து வைத்துவிடுவோம். டிமென்ஷியா என்கிற மறதி நோய் உள்ளவருக்கு முதல் கேள்வி உள்ளே போய்ச் சேர்வதற்குள் நான்காவது வந்து விழுகிறது. ஒரே கேள்வி கேளுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அப்புறமும் பதில் இல்லையென்றால் வேறு வார்த்தை தேடாதீர்கள், அதே கேள்வியை அதே மாதிரி கேளுங்கள். எந்தச் சட்டை என்று வாயால் கேட்பதைவிட இரண்டு சட்டையைக் கையில் தூக்கிக் காட்டினால் விரல் நீளும். இன்னொன்று, நம் தலையாட்டல். ஆமாவா இல்லையா என்று அவர்களுக்குப் புரியாது. நேராக மேலும் கீழும் ஆட்டிப் பழகுங்கள்.

அடுத்தது கத்துவது. காது கேட்காதவர் என்று கேர் பிளானில் (ஒருவரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று எழுதி வைத்த குறிப்பு) பார்த்தவுடன் நம் பையன்கள் பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிற மாதிரி ஆரம்பித்துவிடுகிறார்கள். வயதானால் முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். கத்தும்போது குரல் மேலே ஏறுகிறது, அதாவது அவருக்குக் கேட்காத பக்கமாகவே போகிறது. குரலைத் தாழ்த்தி, நிதானமாக, அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், உங்கள் முகம் இருட்டாகிவிடும், உதடு தெரியாது. டிவியை அணைக்கலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டு அணையுங்கள்.

அதற்கும் முன்னால் ஹியரிங் எய்டைப் பாருங்கள். எங்கள் ஹோமில் ஒரு பெரியவர், முன்னாள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. சுரங்க இயந்திரங்களின் சத்தத்திலேயே காது போனவர். பல நாளாக யாரோடும் பேசவில்லை, ‘டிப்ரஷன்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். ஒரு நாள் சீனியர் கேரர் (பராமரிப்பாளர்) அம்மாள் அவர் காதில் இருந்ததைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சின்னக் குழாய்க்குள் மஞ்சளாகக் காதுக் குறும்பி அடைத்திருந்தது. பேட்டரியும் செத்துவிட்டது, ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13-ஆம் நம்பர் பேட்டரி, அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் இலவசம். துடைத்து, புதியது போட்டு மாட்டினாள். அவர் முதலில் சொன்னது, "அந்தப் பொண்ணை நாற்காலியை இழுக்க வேண்டாம்னு சொல்லு." அந்தப் பொண்ணு நான்தான்!

அப்புறம் அவர் பேச்சை நிறுத்தவில்லை. நான் ஷேவ் செய்துவிடும்போதெல்லாம் 1984 வேலைநிறுத்தக் கதைதான். பக்கத்தில் கார்ட்டன்வுட் சுரங்கத்தை மூடப்போவதாக அந்த மார்ச்சில் அறிவித்ததில் தீப்பற்றி, அடுத்த மார்ச் வரை ஒரு வருஷம் சம்பளமில்லாமல் நின்றவர்கள். பெண்கள் சேர்ந்து பொதுச் சமையல் நடத்தியதை, யார் வீட்டுப் பையன் கட்டுப்பாட்டை உடைத்து வேலைக்குப் போனான் என்பதை, இருபது வருஷம் கழித்தும் அதே கோபத்தோடு சொல்வார். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பதோடு முடியும். செய்த வேலையைப் பற்றிக் கேட்டால் கண் திறக்கும். நான் இந்த நாட்டைப் படித்தது அவர் முகத்துக்கு நுரை போட்டபடிதான்.

நம் ஆட்கள் மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. ஒருவரை ஹாய்ஸ்டில், அதாவது ஆள் தூக்கும் கருவியில், தூக்கிக்கொண்டிருக்கும்போது அவர் தலைக்கு மேலே தமிழிலும் மலையாளத்திலும் பேசிக்கொள்வது. அந்தரத்தில் தொங்குபவருக்கு, தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்றுதானே தோன்றும்? அடுத்தது, எல்லோரையும் ‘கிராண்ட்மா’, ‘மம்மி’ என்பது. நமக்கு அது மரியாதை. நாற்பது வருஷம் பள்ளி நடத்திய தலைமையாசிரியைக்கு அது அவமானம். என்ன பெயரில் கூப்பிட வேண்டும் என்று கேர் பிளானில் இருக்கும், அப்படியே கூப்பிடுங்கள். ஒவ்வொரு முறை அறைக்குள் போகும்போதும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். "என்னை ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் பரீட்சை வைக்காதீர்கள்.

தொண்ணூறு வயதுக்காரர் "அம்மா எங்கே?" என்று தேடினால், "செத்துப் போயிட்டாங்களே" என்று சொல்லி ஒவ்வொரு நாளும் புதிதாக அழவைக்காதீர்கள், "வந்துட்டிருக்காங்க" என்று புளுகவும் வேண்டாம். "அம்மா என்ன சமைப்பாங்க?" என்று கேளுங்கள். குளிக்க மாட்டேன் என்றால் விட்டுவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து வாருங்கள். 2005-ஆம் வருஷத்து மென்டல் கெப்பாசிட்டி சட்டப்படி, முடிவெடுக்க இயலாதவர் என்று நிறுவப்படாதவரை அவர் முடிவு அவருடையது. நம் வீட்டு "இன்னும் ஒரு வாய்" இங்கே செல்லாது.

குழந்தைகள் இல்லத்துக்கு வருகிறேன். பெரியவர்களிடம் மழலை பேசுகிற நம் ஆட்கள் குழந்தைகளிடம் போனால் பி.டி. வாத்தியார் ஆகிவிடுகிறார்கள். பேச்சு வராத ஒரு பையனிடம், புதிதாக வந்த நம் ஊர்க்காரர் ஒருவர் "ஷூ போடு, பேக் எடு, வா, பஸ் வந்திடுச்சு, சீக்கிரம்" என்று அடுக்கினார். பையன் தரையில் படுத்துவிட்டான். கூட இருந்த பெண் எதுவும் பேசாமல் பலகையில் இரண்டு படத்தை ஒட்டினாள், இப்போது ஷூ, அடுத்து பஸ். அவன் எழுந்து உட்கார்ந்து காலை நீட்டினான். மேக்கட்டன் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், பேசிக்கொண்டே முக்கியமான சொல்லுக்கு மட்டும் கைச்சைகை காட்டும் முறை. ‘இன்னும்’, ‘போதும்’, ‘குடிக்க’, ‘டாய்லெட்’ தெரிந்தாலே ஒரு ஷிப்ட் ஓடிவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் "என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்று கேட்காதீர்கள். கன்னத்தைக் கிள்ளவே கூடாது.

ஒரு எச்சரிக்கையை மட்டும் மறக்காதீர்கள். ஒரு பிள்ளை "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு, உன்கிட்ட ஒண்ணு சொல்றேன்" என்று வந்தால், அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவக்கூடியவங்ககிட்ட சொல்ல வேண்டியிருக்கலாம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள். "அப்பா அடிச்சாரா?" என்று பதிலை வாயில் ஊட்டாதீர்கள், "என்ன நடந்தது, சொல்லு" போதும். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, அந்த ஷிப்ட் முடியும் முன் சேஃப்கார்டிங் (பிள்ளைகள் பாதுகாப்பு) பொறுப்பாளரிடம் கொடுங்கள். உங்கள் வாட்ஸாப் குரூப்பில் ஒரு வரிகூட வரக்கூடாது.

அந்தக் குரூப்பில் "ஊரில் கேரர்னு சொல்லாதே, ஹாஸ்பிட்டல்ல வேலைன்னு சொல்லு" என்று அறிவுரை சொல்கிற அண்ணன்மார் இருப்பார்கள். இருபது வருஷமாக இங்கே இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள். அவர்களிடம் பிரியாணி மட்டும் சாப்பிடுங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. கேரர்களை வெளிநாட்டில் இருந்து புதிதாக எடுப்பதை 2025 ஜூலை 22-ல் நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் கேரர் விசாவுக்கு மாற இடைக்கால வழி ஒன்று உண்டு, நிபந்தனைகளை அரசு இணையதளத்தில் படியுங்கள். ஸ்பான்சர்ஷிப்புக்குப் பணம் கேட்பவன் யாராக இருந்தாலும் திருடன். நம் ஊர் லைசென்ஸில் இங்கே குடியேறியதில் இருந்து பன்னிரண்டு மாதம்தான் ஓட்டலாம், படிக்க வந்த உங்களுக்கு அது முடிந்திருக்கலாம், அதனால் தேதியைப் பார்த்துவிட்டு டெஸ்டுக்கு இப்போதே பதியுங்கள். வாடகை வீடு பற்றி உங்கள் மேனேஜரைக் கேளுங்கள். ஜாக்கெட்டை சாரிட்டி கடையில் வாங்குங்கள்.