அமெரிக்காவில் 2024-ல் வாங்கிய காரை 2025 மாடல் என்கிறார்களே, எப்படி?

2024 ஆகஸ்டில் புதுக் கார் வாங்கினேன், பேப்பரில் 2025 மாடல் என்று இருக்கிறது, டீலர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், ஏமாற்றவில்லை. மிச்சிகனுக்கு வந்த புதிதில் நானும் இதே இடத்தில்தான் குழம்பினேன்.

நம் ஊரில் "2018 மாடல் வண்டி" என்றால் பெரும்பாலும் 2018-ல் தயாரானது என்றுதான் எடுத்துக்கொள்வோம். ஆர்.சி.யில் தயாரான மாதமும் வருடமும் இருக்கும், பழைய வண்டிக்கு விலை பேச வருகிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். டிசம்பரில் தயாரான கார் ஜனவரியிலும் ஷோரூமில் நின்றால் அது "போன வருஷத்து வண்டி". தள்ளுபடி கேட்கலாம்.

அமெரிக்காவில் மாடல் ஆண்டுக்கும் தயாரான தேதிக்கும் அப்படி நேரடித் தொடர்பு கிடையாது. அது கம்பெனி வைக்கும் அடையாளம். ஆனால் இஷ்டத்துக்கு வைத்துவிட முடியாது. சுற்றுச்சூழலுக்கான அரசு அமைப்பான இ.பி.ஏ. ஒரு எல்லை போட்டிருக்கிறது. 2025 மாடலின் உற்பத்தியை 2024 ஜனவரி 2-க்கு முன்னால் தொடங்கக் கூடாது, 2025 டிசம்பர் 31-க்குள் முடித்துவிட வேண்டும். ஏன் ஜனவரி 2 என்று எனக்கு முதலில் புரியவில்லை. காலண்டரை எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: கிட்டத்தட்ட இரண்டு வருடமுள்ள அந்த இடைவெளிக்குள் ஒரே ஒரு ஜனவரி 1 தான் வரும். அது எந்த வருடத்து ஜனவரியோ, அதுவே மாடல் ஆண்டு. எவ்வளவு அழகான ஏற்பாடு!

இதில் இ.பி.ஏ.வுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். புகை வெளியேற்றத்துக்கான சான்றிதழை அவர்கள் மாடல் ஆண்டு வாரியாகத்தான் கொடுக்கிறார்கள். ஒரு கம்பெனியின் கார்கள் சராசரியாக எவ்வளவு மைலேஜ் தர வேண்டும் என்ற கணக்கும் மாடல் ஆண்டை வைத்தே போடப்படுகிறது. அதனால் இந்த எண்ணை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

அந்த எல்லைக்குள் கம்பெனிகள் தாராளமாகப் புகுந்து விளையாடுகின்றன. கியா டெல்லுரைடு, ஜீப் கிளாடியேட்டர் இரண்டும் 2019-ன் முதல் பாதியிலேயே 2020 மாடலாக விற்பனைக்கு வந்துவிட்டன. புதிய வண்டியை ஆறு மாதத்திலேயே பழைய மாடலாக்க யாருக்கு மனம் வரும்?

எனக்கு மிகவும் பிடித்த கதை செவ்ரோலே கார்வெட்டுடையது. 1982 மாடலோடு பழைய வடிவம் முடிந்தது. அடுத்த வடிவத்தை 1983 மாடலாகக் கொண்டுவர நினைத்தார்கள், தரத்தில் சிக்கல் வந்து வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் 1983 மார்ச்சில்தான் கடைக்கு வந்தது. அப்போது அதற்கு 1984 மாடல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆக, 1983 மாடல் கார்வெட் என்று ஒன்று விற்கப்படவே இல்லை. சோதனைக்காகக் கட்டிய நாற்பத்துச் சொச்சம் வண்டிகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. வெள்ளை நிறம். கென்டக்கியில் பௌலிங் கிரீன் ஊரில் உள்ள கார்வெட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் பார்க்காமல் வராதீர்கள்.

சரி, புது மாடல் ஏன் இலையுதிர் காலத்தையொட்டி வருகிறது? வருடா வருடம் மாடலை மாற்றும் வழக்கத்தை 1920-களில் ஆல்ஃபிரட் ஸ்லோன் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் வேரூன்ற வைத்தது. அப்போதெல்லாம் ஜனவரியையொட்டித்தான் புது வண்டிகளைக் காட்டுவார்கள். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் இது தொழிலாளிகளுக்குப் பெரிய கஷ்டம். சில மாதம் வேலை குவியும், சில மாதம் ஒன்றும் இருக்காது. வேலையை வருடம் முழுக்கப் பரப்புவதற்காக 1935-ல், ரூஸ்வெல்ட் ஆட்சியில், அறிமுகத்தை இலையுதிர் காலத்துக்கு மாற்றினார்கள். நியூயார்க் கார் கண்காட்சியும் அந்த வருடம் நவம்பருக்கு வந்தது. யாரோ தொழிலாளிக்குக் குளிர்காலச் சம்பளம் கிடைக்கட்டும் என்று செய்த மாற்றத்தின் மிச்சம்தான் உங்கள் ஆகஸ்ட் மாதக் கார்.

நீங்களே சரிபார்க்கலாம். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் தயாரான மாதமும் வருடமும் போட்டிருக்கும். அப்புறம் வின் நம்பரில், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகக் கொடுக்கும் 17 இலக்க அடையாள எண்ணில், பத்தாவது எழுத்தைப் பாருங்கள், அதுதான் மாடல் ஆண்டு. ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025. இந்தக் குறியீடு 30 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். 1980-க்கும் ஏ, 2010-க்கும் ஏ. கார்களில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஏழாவது இடம்: அங்கே எண் இருந்தால் பழையது, எழுத்து இருந்தால் 2010 அல்லது அதற்குப் பிந்தைய மாடல்.

இரண்டு தேதியும் தேவைப்படும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் வாங்கிய பழைய கார் 2016 மாடல், கதவில் 07/15. இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் நேர்மையாக இருப்பதாக நினைத்து 2015 என்று எழுதினேன். வின் நம்பரோடு பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. பிறகு பிரேக் பேட் வாங்கப் போனேன். கடையில் 2016 என்று மட்டும் கேட்டு எடுத்துக் கொடுத்தார்கள், உட்காரவில்லை. அந்த மாடலுக்கு நடுவிலேயே பாகத்தை மாற்றியிருந்தார்கள், தயாரான மாதத்தைச் சொன்னதும் சரியானது கிடைத்தது. அதனால் காகித வேலைக்கு மாடல் ஆண்டு, உதிரி பாகத்துக்குக் கதவு ஸ்டிக்கர்.

விலை விஷயத்தில் என் கருத்து இது. இங்கே மறுவிற்பனை மதிப்பு மாடல் ஆண்டைத்தான் பின்தொடர்கிறது. மூன்று நான்கு வருடத்தில் விற்றுவிடுவீர்கள் என்றால் நீங்கள் 2025 மாடல் எடுத்தது நல்லதே. பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறவர் என்றால், அதே டீலரிடம் மிஞ்சி நின்ற 2024 மாடலைத் தள்ளுபடியில் கேட்டிருக்கலாம், அதுவும் அந்த வருடம் வடிவம் எதுவும் மாறவில்லை என்றால். அடுத்த முறை வாங்கும்போது இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்காமல் தருவார்கள்.