சபையில் ஒரு அக்கா, தோத்திரம் என்று வணக்கம் சொன்னாலும் முகம் கொடுப்பதில்லை. கிறிஸ்தவளாக இதை எப்படி எடுத்துக்கொள்வது?

இதை வாசித்ததும் எனக்கு ஆசாரியனாகிய ஏலியின் ஞாபகம்தான் வந்தது. வேதாகமத்தில் 1 சாமுவேல் முதல் அதிகாரம். சீலோவில் ஆலய வாசலில் ஏலி உட்கார்ந்திருக்கிறார். அன்னாள் அழுது ஜெபம் பண்ணுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அவரே முடிவுகட்டி, "நீ எதுவரைக்கும் வெறித்திருப்பாய்?" என்று அதட்டுகிறார். அவளோ பிள்ளையில்லாதவள். வருஷாவருஷம் சக்களத்தியின் ஏச்சு வேறு. ஆலயத்தின் மரியாதை கெடக்கூடாது என்ற ஏலியின் எண்ணத்தில் தப்பில்லை. ஆனால் அவர் கண்ணில் பட்டது உதடு மட்டும்தானே?

உங்கள் அக்கா விஷயத்திலும் நீங்கள் பார்த்தது முகத்தை மட்டும்தான். வீட்டில் கடனோ, மகள் கல்யாணம் தள்ளிப்போகிறதோ, காதுதான் சரியாகக் கேட்கவில்லையோ, யாருக்குத் தெரியும்? எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அசனம் என்கிற சபை விருந்தில் "பந்தியில் என்னைக் கவனிக்கவில்லை" என்று வருஷக்கணக்கில் பேசாமல் இருப்பவர்கள் உண்டு. விடியற்காலையிலிருந்து சோற்று வாளியோடு நிற்கிற பையனுக்கு யாரை விட்டோம் என்பதே தெரிந்திருக்காது!

அன்னாளிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ, குடிக்கவில்லை" என்று உள்ளதைச் சொல்கிறாள், அவ்வளவுதான். ஏலியும் வீம்பு பண்ணாமல் "சமாதானத்துடனே போ" என்கிறார். மன்னிப்புக் கேட்டதாக எழுதியிருக்கவில்லை. ஆனாலும் பிறகு பிறந்த மகன் சாமுவேல் பால்மறந்ததும், தன்னைக் குடிகாரி என்று நினைத்த அதே மனுஷரிடம்தான் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறாள். என்னால் முடியுமா என்றால், சந்தேகம்தான்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ள வேண்டுமா? வேண்டாம். பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் அறைந்தபோது, இயேசுவே "என்னை ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டார் (யோவான் 18:23). உண்மையிலேயே அந்த அக்கா உங்களுக்கு ஏதாவது தப்பு செய்திருந்தால், மத்தேயு 18:15 சொல்கிறபடி நீங்களும் அவரும் தனியாக இருக்கும்போது பேசுங்கள். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். சம்பந்தப்பட்டவரைத் தவிர மற்ற எல்லாரிடமும், "ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்ற முன்னுரையோடு விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

தப்பு எதுவும் இல்லை, முகம் கொடுக்காததுதான் வருத்தம் என்றால், ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் போய் "அக்கா, வீட்ல எல்லாரும் சுகமா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏன் என்னிடம் பேசுவதில்லை?" என்று ஆரம்பிக்காதீர்கள். அது விசாரணை மாதிரி ஆகிவிடும்.

கேட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? சமாரியர் கிராமம் ஒன்றில் இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை. வானத்திலிருந்து அக்கினி இறங்கச் சொல்லட்டுமா என்று சீஷர்களான யாக்கோபும் யோவானும் துள்ளினார்கள். அவர் அவர்களை அதட்டிவிட்டு வேறொரு கிராமத்துக்குப் போய்விட்டார் (லூக்கா 9). அதே யோவான் பிற்பாடு பேதுருவோடு சமாரியாவுக்குப் போய், அங்கிருந்தவர்கள் மேல் கைவைத்து ஜெபித்தார் (அப்போஸ்தலர் 8). நீங்களும் அன்றைக்குப் பக்கத்து பெஞ்சில் இருப்பவர்களிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த ஞாயிறு அந்த அக்காவுக்கு மறுபடி தோத்திரம் சொல்லிக்கொள்ளலாம்.